வளைகோல் வீரர் பாஸ்கரன்

களத்தில் நின்று பொருதல் ஒரு திறம். பொருவாரைப் பயிற்றி அனுப்புதல் மற்றொரு திறம். முன்னதினும் பின்னது அரிது. வளைகோற் பந்தாட்ட வீரர் வாசுதேவன் பாஸ்கரனது வாழ்க்கை இவ்வுண்மையை விளக்கும்.

தமிழ்நாட்டினரான பாஸ்கரன் 1950-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1976-இல் மான்டிரியல் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இந்திய அணியில் ஆடினார். அப்பொழுது இந்தியா 7-ஆம் இடமே பெற்றது. நான்காண்டுகள் கழித்து மாஸ்கோ விழாவில் அவரே அணித்தலைவரானார். வலிய நாடுகள் பல அவ்விழாவைப் புறக்கணித்திருந்தன. எனினும் இறுதியாட்டம் எளிதாய் அமையவில்லை. 4-3 என்ற கணக்கில் ஸ்பெயினை வென்று, இந்தியா எட்டாம் முறையாகப் பொற்பதக்கம் பெற்றது.

பின்னர் அவர் பயிற்சியாளரானார். 2000-இல் சிட்னி நகரில் இந்தியா போலந்தை எதிர்த்தது. வென்றால் அரையிறுதிக்குச் செல்லலாம். இந்தியா ஒரு கோல் அடித்து முன்னின்றது. ஆட்டம் முடியுந் தறுவாயில் போலந்தும் ஒன்று அடித்தது. ஆட்டம் சமனாயிற்று, வாய்ப்பு நழுவிற்று. ஆடுபவன் ஓடிச்சென்று பந்தைத் தடுக்கலாம். பயிற்சியாளரோ எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று காணவே இயலும். 2006-இல் செர்மனியில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியிலும் அவர் பயிற்றிய அணி 11-ஆம் இடமே எய்தியது.

வெற்றியில் ஆடினோர் புகழ் பெறுவர். தோல்வியில் பயிற்றினோர் பழி சுமப்பர். பதக்கம் பெற்றதோடு ஒதுங்கியிருப்பின் பாஸ்கரனது புகழுக்குக் குறைவு நேர்ந்திராது. அவரோ தாம் கற்றதை இளையோர்க்குக் கற்பிக்க முன்வந்தார். பொற்பதக்கத்தினும் போற்றத்தக்கது அத்துணிவே ஆகும்.