கராத்தே மட்டும் போதுமா?

கேள்வி: கராத்தே பழகுகிறேன். தற்காப்புக்கு வேறு கலையும் வேண்டுமா?
– வாசகி, உடப்புசல்லாவை

பதில்: வேண்டும், சகோதரி. கராத்தே பெரும்பாலும் எட்டி நின்று அடிக்க, உதைக்கக் கற்றுத்தரும். கூந்தலைப் பிடித்து இழுப்பவன் அந்த இடைவெளியைத் தரமாட்டான். அங்கே பிடியை உடைக்கவும், அடிபடாமல் விழுந்து எழவும் ஜூடோ உதவும். ஜிகோரோ கானோ 1882இல் அதை அமைத்ததே டென்ஜின் ஷின்யோ, கிட்டோ என்ற பழைய ஜுஜுட்சு மரபுகளைக் கலந்துதான். நம் நாட்டு அங்கம்பொரவிலும் வெறுங்கைப் போரோடு ஆயுதப் போரும் உண்டு. சிலம்பம் தெரிந்தால் குடையும் கம்புதான்!

ஆனால் மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். கராத்தே ஓரளவு கைக்கு வந்தபின் ஜூடோவுக்குப் போங்கள். திமிறுகிற ஆளோடு பழகாத பிடி, மழைநேரத்துத் தேயிலை மலைப்பாதையில் நிற்காது. தப்ப வழியிருந்தால் முதலில் ஓடுங்கள், 119ஐ அழையுங்கள்.