துளை போடுவதற்கு முன்: ஆர்கேட் பலகையில் பட்டன்களுக்கு இடம் பார்ப்பது

வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி செய்யப்போவதாக யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது “என்ன கேம் விளையாடப் போறீங்க?” என்றுதான். மானிட்டரையும் ஸ்பீக்கரையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பட்டன் பலகையில் போட்ட துளை போட்டதுதான்.

பழைய பெட்டிகள் பெரும்பாலும் ஒரே ஒரு விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை. 1979-இல் வந்த ஆஸ்டிராய்ட்ஸில் ஜாய்ஸ்டிக்கே இல்லை, ஐந்து பட்டன்கள்தான். அடுத்த ஆண்டு வந்த பேக்-மேனில் ஆட ஒரு ஜாய்ஸ்டிக் மட்டும். டாங்கி காங்குக்குக் குதிக்க ஒரு பட்டன். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மேலே மூன்று குத்து, கீழே மூன்று உதை என்று ஆறு கேட்டது. நாமோ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஆடப் பார்க்கிறோம். அதனால்தான் பலர் பலகை முழுக்கப் பட்டனாக நிரப்பிவிடுகிறார்கள். விளையாட வருபவர் எதை அழுத்துவது என்று தெரியாமல் திகைக்கிறார்.

என் கணக்கு, ஆளுக்கு ஆறு. மோர்ட்டல் காம்பாட் ஐந்து பட்டன் கேட்கும். நான்கு மூலைகளில் குத்தும் உதையும், நடுவில் மேலே தடுப்பு என்று வைத்தால் இதே ஆறில் அடங்கிவிடும். மூன்றாம் பாகத்தில் சேர்ந்த ஓட்டத்துக்கு நடுக்கீழ்ப் பட்டன் இருக்கிறது. நியோ ஜியோ விளையாட்டுகளுக்கு இடப்பக்க நான்கு போதும்.

இந்த ஆறையும் ஸ்கேல் வைத்து நேர்வரிசையாக அடுக்காதீர்கள். நடுவிரல் நீளம், ஆள்காட்டி விரல் அதைவிடக் குட்டை. ஜப்பானியப் பெட்டிகளில் ஆள்காட்டி விரலுக்கான பட்டன்கள் சற்றுத் தாழ்ந்திருப்பது இதனால்தான். பெட்டி நிற்கப்போகும் உயரத்தில் ஓர் அட்டையை வைத்து, கண்ணை மூடிக் கையை இயல்பாக வையுங்கள். விரல் நுனிகள் விழும் இடத்தில் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகள்தான் மேல்வரிசை. கீழ்வரிசைக்கு விரலைச் சற்று மடக்கினால் போதும்.

ஜப்பானியப் பட்டனுக்குத் துளை 30 மி.மீ.; விளிம்பு அதைவிட அகலம். மையத்துக்கு மையம் 36 மி.மீ. விட்டால் இடிக்காது. தண்ணீர் பாட்டில் மூடி ஏறக்குறைய பட்டன் அளவுதான். ஆறு மூடிகளை அட்டையில் ஒட்டி வீட்டில் எல்லோரையும் தட்டிப் பார்க்கச் சொன்னேன். “பெரியப்பா, கடைசிப் பட்டன் எனக்கு எட்டலை” என்றாள் தம்பி மகள். மூடிகளை இன்னும் நெருக்கினேன். பெரிய கைக்கும் அது உறுத்தவில்லை.

இருவர் ஆடும் பலகை என்றால் இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கும் நடுவே குறைந்தது இரண்டடி விடுங்கள். இல்லாவிட்டால் முழங்கைச் சண்டைதான் நடக்கும். மணிக்கட்டு ஊன்றப் பட்டன்களுக்குக் கீழே ஒரு சாண் இடம் வேண்டும். பலகையின் முன்விளிம்பை உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள்.

ஸ்டார்ட், காயின் பட்டன்களை 24 மி.மீ. அளவில், கை தவறிப் படாத மேல் ஓரத்தில் வையுங்கள். வெளியேறத் தனிப் பட்டன் வேண்டியதில்லை. பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளில் செலக்டையும் ஸ்டார்ட்டையும் சேர்த்து அழுத்தினால் விளையாட்டு முடிந்துவிடும். காயின் பட்டனையே செலக்டாக வைத்துக்கொள்ளலாம். பேக்-மேன் பிரியர்கள் நான்கு திசைக்கு மாற்றக்கூடிய ஜாய்ஸ்டிக்காகப் பார்த்து வாங்குங்கள். எட்டுத் திசைக் கோலில் மூலைக்குச் சாய்ந்துவிட்டால் திரும்ப வேண்டிய சந்து தப்பிவிடும்.

கடைசியில் மரவேலை. கிளிப் போட்டுப் பிடிக்கும் ஜப்பானியப் பட்டன்கள் மெல்லிய தகட்டுக்கானவை, 18 மி.மீ. பிளைவுட்டில் நிற்காது. அதற்கு நீள மரையும் நட்டும் உள்ள அமெரிக்க வகைதான் சரி. அதன் துளை சுமார் 28.6 மி.மீ.; ஆகவே பட்டன் கைக்கு வந்து, அளந்து பார்த்த பிறகு ஹோல் சா வாங்குங்கள். துளையிடும்போது அடியில் ஒரு கழிவுப் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் பிளைவுட்டின் அடிப்பக்கம் பிய்யாது. பட்டன் பலகையைப் பெட்டியோடு ஒட்டிவிடாமல் திருகில் நிறுத்துங்கள். ஓராண்டு கழித்து உங்கள் ரசனை மாறினால் அந்தப் பலகையை மட்டும் புதிதாக வெட்டினால் போதும்.