ஆண்டர்சன்பேட்டை: மக்கள்தொகையும் போக்குவரத்தும்

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில், ஆந்திரப் பிரதேச எல்லைக்கு அண்மையில் கோலார் தங்கவயல் அமைந்துள்ளது. அதன் தென்பகுதியில், மாரிக்குப்பம் இரயில் நிலையத்தை அடுத்துள்ள குடியிருப்பே ஆண்டர்சன்பேட்டை. ஒரே தொழிலை நம்பித் தோன்றிய ஊர், அத்தொழில் மறைந்த பின்னர் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை அறிய இப்பகுதி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

குடியேற்றம்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. வறண்ட மேட்டுநிலமாகிய இப்பகுதியில் வேலைக்குப் போதிய ஆட்கள் இல்லை. எனவே வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட வகுப்பினர். கன்னட நாட்டில் தமிழ் பேசும் நகரம் ஒன்று உருவானது இவ்வாறுதான். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தங்கவயலின் மக்கள்தொகை 38,204.

இருப்புப்பாதை

சென்னை–பெங்களூர் இருப்புப்பாதையிலுள்ள பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை 1894-இல் திறக்கப்பட்டது. சுரங்கத்திற்கு வேண்டிய இயந்திரங்களையும் எரிபொருளையும் ஆட்களையும் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பாதையும் மின்சாரமும் கிடைத்தமையால் சுரங்கங்கள் மேலும் ஆழமாயின, குடியிருப்புகளும் பெருகின.

மக்கள்தொகையின் போக்கு

1951-இல் தங்கவயலின் மக்கள்தொகை சுமார் 1 இலட்சத்து 59 ஆயிரம். 1971-இல் அது சுமார் 1 இலட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்தது. ஆழம் மிகுந்து, செலவு உயர்ந்து, ஆட்குறைப்பு நிகழ்ந்த காலம் அது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் நகரம் வெறிச்சோடவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1 இலட்சத்து 60 ஆயிரத்தைக் கடந்திருந்தது. கணக்கெடுப்பு எல்லைகள் காலந்தோறும் மாறக்கூடியவை எனினும், பொதுவான போக்கு தெளிவாகவே உள்ளது.

வேலை வெளியே, வீடு இங்கே

இதன் காரணங்களுள் முதன்மையானது அதே இருப்புப்பாதை. 1964-இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை சிலருக்கு வேலையளித்தது. ஆனால் அதனால் எல்லோரையும் ஏற்க இயலாது. ஆகவே ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலும் அடுத்த நிலையங்களிலும் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்புகின்றனர். பெங்களூரின் வீட்டு வாடகையை விட சீசன் டிக்கெட் மிகமிக மலிவு. அன்று ஆட்களை ஊருக்குள் கொண்டு வந்த பாதை, இன்று நாள்தோறும் வெளியே அழைத்துச் செல்கிறது.

இதற்கு விலையும் உண்டு. ஒரு வழிப் பயணத்திற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் எனக் கொண்டால், வாரத்தில் ஆறு நாட்களுக்கு 24 மணி நேரமாகிறது. அதாவது ஒரு முழுநாள் பயணத்திலேயே கழிகிறது. இரயில் தாமதமானால் அன்றைய கூலியே கைவிட்டுப் போகக்கூடும்.

திட்டமிடுவோர் கருதத்தக்கவை

மாரிக்குப்பம் கிளைப்பாதையின் கடைசி நிலையமாகவே அமைந்தது. அதனைக் குப்பத்துடன் இணைக்கும் புதிய பாதைத் திட்டம் 2011–12-இல் ஒப்புதல் பெற்றது. அது நிறைவேறின் தெற்கு நோக்கியும் வழி திறக்கும். பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி 2024-இன் இறுதியில் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. இத்தகைய சாலையில் விரும்பிய இடத்தில் நுழைய இயலாது; நுழைவாயில் வரை பேருந்து வசதி அமைந்தாலன்றிச் சிற்றூர் மக்களுக்கு அதனால் பயன் விளையாது.

வழித்தடம் ஓர் ஊரைக் காப்பாற்றலாம். தொழிலுக்கு அது மாற்றாகாது. பாதையின் நீளத்தை மட்டும் கணக்கிடாமல், அதில் நாள்தோறும் செல்வோர் செலவிடும் நேரத்தையும் கணக்கில் கொள்வதே முறையான திட்டமிடலாகும்.