மகப்பேறும் ஆண்களின் கடமையும்

மணமாகி ஓராண்டு கடந்தும் மகப்பேறு வாய்க்காவிடில், நம் கிராமங்களில் பழி முழுவதும் பெண்மீதே விழுகிறது. அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். கோயில் குளம் சுற்ற வைக்கிறோம். சில இல்லங்களில் மறுமணப் பேச்சும் எழுகிறது. கணவனைப் பரிசோதனைக்கு அனுப்பவோ எவரும் நினைப்பதில்லை. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியளவில் ஆணின் குறையும், தனித்தோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, காரணமாகிறது என்பது மருத்துவர் கண்ட உண்மையாகும்.

கரு உண்டாக விந்தணுக்கள் போதிய அளவு இருப்பதோடு, நீந்திச் செல்லும் ஆற்றலும் பெற்றிருத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லி லிட்டர் விந்தில் 160 லட்சம் அணுக்கள் இருப்பதும், அணுக்களில் நூற்றுக்கு 42 அசைவுடையனவாய் இருப்பதும் கீழ் எல்லையாகும். இதற்குக் குறைந்தால் மகப்பேறே இல்லை என்பது பொருளன்று. மேலும் ஆராய வேண்டும் என்பதே பொருள்.

அணுக்களைப் பெருக்கும், அவற்றிற்கு விரைவூட்டும் என்று கூறித் துத்தநாகம், ஃபோலிக் அமிலம் முதலிய சத்து மாத்திரைகள் விற்கப்படுகின்றன. இவற்றால் பயனுண்டா? அமெரிக்காவில் 2370 தம்பதிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. கணவர்களில் ஒரு பாதியினர்க்கு நாள்தோறும் 30 மில்லி கிராம் துத்தநாகமும் 5 மில்லி கிராம் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் அளித்தனர். மறு பாதியினர்க்கு அதே தோற்றமுடைய, மருந்தில்லா மாத்திரையை அளித்தனர். முதல் பிரிவில் நூற்றுக்கு 34 தம்பதிகளும், இரண்டாம் பிரிவில் 35 தம்பதிகளும் குழந்தை பெற்றனர். அணுக்களின் அசைவிலும் முன்னேற்றம் இல்லை. சத்து மாத்திரை உண்டவரிடையே வயிற்றுக் கோளாறே மிகுந்தது. எனவே, மருத்துவர் கூறாமல் இவற்றை வாங்கிப் பணத்தையும் காலத்தையும் வீணாக்குதல் தகாது.

பின் செய்யத்தக்கது யாது? முதலாவது, கணவனும் மனைவியும் ஒருங்கே பரிசோதனைக்குச் செல்லுதல். விதைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்திருப்பது போன்ற குறைகளுக்குச் சிகிச்சை உண்டு. இரண்டாவது, புகையிலையையும் மதுவையும் விடுதல். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகுமாதலால், பலனுக்குப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது உழவர்க்கு உரியது. நிலத்தின் நூற்புழுவை ஒழிக்கப் பயன்பட்ட டி.பி.சி.பி. என்னும் நஞ்சைத் தயாரித்த கலிபோர்னியாத் தொழிலாளர் பலர்க்கு விந்தணுக்கள் அருகியோ அற்றோ போயிருந்தமை 1977-இல் வெளிப்பட்டது. எல்லாப் பூச்சிமருந்தும் இத்தகையதன்று. எனினும் எச்சரிக்கை நன்று. மருந்தை வெறுங்கையால் கலக்கலாகாது. காற்றுக்கு எதிராய்த் தெளிக்கலாகாது. வேலை முடிந்ததும் குளித்து உடைமாற்ற வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இச்செய்தியைத் தம் வட்டாரச் செவிலியர் துணையுடன் ஆண்களிடம் கூச்சமின்றி எடுத்துரைப்பார்களாக. கணவன் செய்துகொள்ளும் எளிய பரிசோதனை ஒன்று, குற்றமற்ற பெண்ணொருத்தியின் வாழ்வைக் காக்கக்கூடும்.