பாதி வழியில் திரும்புவது

ஸ்லவ்,
பங்குனி 3

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அழாக்குறையாகப் பேசினாய். புல் ஊறிப்போய்க் கிடப்பதால் மூன்றாவது கிழமையாகப் பறப்பு வகுப்பு இல்லை. அதற்கு முந்தின முறை, மேகம் இறங்குகிறது என்று பயிற்றுநர் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். கட்டின காசு வீண், தார் போட்ட ஓடுபாதை உள்ள இடத்துக்கு மாறப் போகிறேன் என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் புத்தி சொன்னால் "ஓம் பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் இரண்டாம் தரமும் வாசிப்பாய்.

மாறுவது உன் விருப்பம். ஆனால் எந்த நிலத்தை விட்டுப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ.

நீ பழகும் வைட் வால்தம் புல்வெளியை 1928இல் டி ஹாவிலண்ட் குடும்பம் விமானப் பயிற்சிப் பள்ளிக்காக வாங்கியது. 1938இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. போர் வந்தபோது ஏ.டி.ஏ. என்ற விமானப் போக்குவரத்துத் துணை அமைப்புக்கு அதுதான் தலைமையகம். தொழிற்சாலையில் செய்து முடிந்த விமானங்களையும் பழுது பார்த்தவற்றையும் படைத்தளங்களுக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் வேலை. விமானப்படை வேண்டாமென்று கழித்தவர்கள்தான் அதில் நிறைய. வயது போனவர்கள் இருந்தார்கள். ஒரு கையும் ஒரு கண்ணும் இல்லாத ஒருவர்கூட ஓட்டினார். 168 பெண்கள் இருந்தார்கள். 1940 தை மாதம் எட்டுப் பெண்களோடு தொடங்கிய பிரிவு அது. 1943இல் ஆணுக்குச் சமமான சம்பளத்தையும் வாங்கிக்கொண்டார்கள். போர் முடிவதற்குள் அந்த அமைப்பு ஏறக்குறைய 3,09,000 தரம் விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எப்படி ஓட்டினார்கள் தெரியுமா? றேடியோ கிடையாது. கீழே தெரியும் றெயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துத்தான் வழி. காலையில் ஒரு வகை, மத்தியானம் வேறொரு வகை; சிலவற்றை அதற்கு முன் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். வளையம் போட்டுக் கட்டிய சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏறுவார்கள். ஆனால் வானிலை சரியில்லை என்றால் போகாமல் நிற்கும் உரிமை ஓட்டுகிறவருக்கே இருந்தது. விமானம் ஒரு நாள் பிந்தி வரலாம். உடைந்து வரக்கூடாது.

ஏமி ஜோன்சனை நீ அறிவாய். 1930இல் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்து உலகப் புகழ் பெற்றவர். அவரும் ஏ.டி.ஏ.யில் இருந்தார். 1941 தை 5ஆம் திகதி, மோசமான வானிலையில், பிளாக்பூலிலிருந்து ஒக்ஸ்போர்ட் பக்கம் கொண்டுபோக வேண்டிய விமானத்தோடு வழிமாறித் தேம்ஸ் நதியின் கழிமுகத்தில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: மேகத்துக்கு ஆளின் பெயர் தெரியாது.

இனி என் கதை. 1981 இலையுதிர் காலம். இங்கே தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. பலாலி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொழும்புப் பிளேன் பார்த்து வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வைட் வால்தம் போய் நிற்பேன். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே பறப்பவர். பெற்றோல் காசில் பாதி போட்டால் தென்கரைக்குக் கொண்டுபோய்க் கடல் காட்டுகிறேன் என்றார். உன் பெரியம்மாவிடமும் வேலையிடத்திலும் சொல்லிப் பெருமையடித்துவிட்டுப் போனேன்.

மனிதர் ஏறவே முக்கால் மணித்தியாலம் எடுத்தார். றப்பர் பூட்ஸோடு புல்லில் நடந்து, குதியால் அழுத்திப் பார்த்தார். முயல் வளை ஒன்றைக் கண்டு அங்கே நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இறக்கைக்குக் கீழேயிருந்து கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் தண்ணீர் முத்துப்போல் ஒரு துளி நின்றது. ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தார். மூன்றாம் முறை துளி இல்லை. அதன்பிறகுதான் ஏறினார்.

இருபது நிமிடம் பறந்திருப்போம். முன்னால் இருந்த குன்றின் தலை மறைந்தது. ஒரு வார்த்தை பேசாமல் திருப்பினார். எனக்கோ எரிச்சல். கடலும் இல்லை, காசும் போச்சு. இறங்கி, தேத்தண்ணி குடிக்கும்போதும் முகம் கொடுக்கவில்லை. கோப்பையில் பாதி முடியுமுன் யன்னலைப் பார்த்தேன். வெளியின் அந்தப் பக்கத்து வேலியைக் காணோம். பிறகு காற்றுத்திசை காட்டும் பையையும் காணோம். அவர் பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

பிள்ளை, தார் ஓடுபாதை நல்லதுதான். ஆனால் அது தயாராகவே கிடக்கும். புல் அப்படியில்லை. இன்றைக்கு ஏலாது என்று அது சொல்லும், நீ கேட்க வேண்டும். 1952இல் அன்றைய ராணியின் கணவர் பிலிப்பும் இதே வெளியில்தான் பழகினார். மழை அவருக்கும் ஒன்றுதான்.

மூன்று விஷயம் சொல்கிறேன். எந்த இடத்தில் திரும்புவது என்பதை ஏறுவதற்கு முன்பே தரையில் வைத்து முடிவுசெய். மேலே போனபின் ஆசை கணக்குப் பார்க்கும். இத்தனை மணிக்கு வந்து சேருவேன் என்று ஒருவருக்கும் வாக்குக் கொடாதே. பறக்கத் தூண்டும் வாக்கு கெட்ட வாக்கு. கட்டின காசைக் காக்பிட்டுக்குள் கொண்டுபோகாதே. காசு போதாவிட்டால் என்னிடம் கேள்.

புல் காயட்டும், பொறுத்துப் போ. தனியாகப் பறந்து வந்த செய்தியை நீ ஊருக்கெல்லாம் சொல்லு. ஆனால் பாதி வழியில் நீயாகத் திரும்பி வருகிற நாளில், முதல் அழைப்பு எனக்கு வரவேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா