ஒரு மசோதாவின் பின்னால் போவோம்



ஈப்போவில் சனிக்கிழமை சமய வகுப்பு முடிந்ததும், வீட்டிலேயே படிக்கும் ஆறு பிள்ளைகளுக்குக் குடியியல் பாடம் எடுக்கிறேன். எல்லாருக்கும் 13 முதல் 17 வயது. பலருடைய தாத்தா பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள்.

“நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உண்டு” என்று மனப்பாடம் செய்தால் சோதனையோடு மறந்துபோகும். அதனால் ஒரே ஒரு மசோதாவை எடுத்துக்கொண்டு, அது பிறந்த நாள் முதல் அமலுக்கு வந்த நாள் வரை பின்தொடர்ந்தோம். நாங்கள் எடுத்தது ‘உண்டி 18’, அதாவது வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த திருத்தம். நீங்களும் உங்கள் கிளையில் இதைச் செய்யலாம். சுவரில் ஒட்ட ஒரு நீளமான தாள் இருந்தால் போதும்.

படி 1: எதை மாற்ற வேண்டும்?

வாக்களிக்கும் வயது கூட்டரசு அரசியலமைப்பின் 119-வது பிரிவில் இருக்கிறது. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. மக்களவையில் 222 இடங்கள். அப்படியானால் எத்தனை பேர்? பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். விடை 148. அன்றைய அரசாங்கத்திடம் தனியாக அத்தனை பேர் இல்லை. எதிர்க்கட்சியோடு பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு, வாக்காளர்களைத் தானாகப் பதிவு செய்வதும் வேட்பாளர் வயதை 18 ஆக்குவதும் மசோதாவில் சேர்ந்தன.

படி 2: வாக்கெடுப்பு

2019 ஜூலை 16-ஆம் தேதி மக்களவையில் 211 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒருவரும் இல்லை. ஜூலை 25-ஆம் தேதி மேலவையும் ஏற்றுக்கொண்டது. மாமன்னரின் ஒப்புதலுக்குப் பின் செப்டம்பர் 10-ஆம் தேதி அரசிதழில் வெளியானது.

படி 3: இங்கேதான் பாடமே இருக்கிறது

அரசிதழில் வந்துவிட்டது. ஆனால் அமலாக்கத் தேதி குறிக்கப்படவில்லை. 2021 மார்ச்சில் தேர்தல் ஆணையம், 2022 செப்டம்பருக்குப் பிறகுதான் முடியும் என்றது. இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள்.

“அக்கா, அதான் பாஸ் ஆயிருச்சுல்ல? அப்புறம் எதுக்குக் கோர்ட்டு?” என்று ஒருவன் கேட்டான்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மசோதாவைத் தேர்ந்தெடுத்தேன். சட்டம் நிறைவேறுவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. சரவாக்கைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் தொடுத்த வழக்கில், 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி கூச்சிங் உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 31-க்குள் அமல்படுத்தும்படி உத்தரவிட்டது. டிசம்பர் 15-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. மக்களவை ஏற்ற நாளிலிருந்து எண்ணினால் 29 மாதம்!

2018 பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம் பேர். 2022 நவம்பர் 19-ஆம் தேதி நடந்த தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்துக்கும் மேல். நம் பேரா சட்டமன்றத் தேர்தலும் அன்றுதான் நடந்தது.

படி 4: பேராவுக்கு வருவோம்

நம் சட்டமன்றம் ஈப்போவில்தான் கூடுகிறது. மொத்தம் 59 உறுப்பினர்கள். இங்கே ஒரே அவை, மேலவை கிடையாது. மசோதா மூன்று வாசிப்புகளைத் தாண்டி சுல்தானின் ஒப்புதலுக்குப் போகும். மாநிலச் சட்டத்துக்கு ‘எனக்மென்’ என்று பெயர்.

வாக்களிக்கும் வயதைப் பொறுத்தவரை, 119-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே பொருந்தும். ஆனால் சட்டமன்ற வேட்பாளரின் வயது மாநில அரசியலமைப்பிலும் இருப்பதால், அதை மாநிலங்கள் தனித்தனியே திருத்த வேண்டும்.

நிலமும் மாநில அதிகாரத்தில்தான் வருகிறது. தோட்டம் கைமாறும்போது கோயில் நிற்கும் நிலம் என்ன ஆகும், தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கிடைக்குமா என்ற கேள்விகளில் மாநில அரசுக்குப் பெரும் பங்கு உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கும் குடியியல் ஏது?

படி 5: நம் வீட்டுக்கு வருவோம்

பதிவு தானாக நடக்கிறது என்றதும் பிள்ளைகள் நிம்மதியானார்கள். ஒரு தங்கை மட்டும் கையைத் தூக்கினாள்.

“அக்கா, என் ஐசியில இன்னும் தோட்டத்து அட்ரஸ்தான் இருக்கு. அந்த லயமே இப்ப இல்லையே?”

சரியான கேள்வி. எந்தத் தொகுதியில் வாக்களிப்பது என்பது அடையாள அட்டை முகவரியைப் பொறுத்தது. குடும்பம் ஈப்போவுக்கு வந்து பத்து வருஷம் ஆனாலும், முகவரியை மாற்றாவிட்டால் வாக்கு பழைய ஊரிலேயே நிற்கும். 18 வயதுக்கு முன்பே தேசியப் பதிவு இலாகாவில் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர்கள், முகவரியை மாற்றிய பின் தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தத் தானியங்கிப் பதிவு குடிமக்களுக்கு மட்டும்தான். பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாத பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி ஒருவரைத் தெரிந்தால், 18 ஆகட்டும் என்று காத்திருக்காமல் இன்றே உதவி தேடுங்கள்.

உங்களுக்கான வேலை

1. உங்கள் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி இரண்டின் பெயரையும் எழுதுங்கள்.
2. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் அடையாள அட்டை முகவரியும் இப்போதைய முகவரியும் ஒன்றா என்று பாருங்கள்.
3. பேரா சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தில் வரும் ஒரு மசோதாவைத் தேர்ந்தெடுங்கள். வாசிப்பு, ஒப்புதல், அரசிதழ், அமலாக்கம் என நான்கு தேதிகளுக்குத் தாளில் இடம் விடுங்கள். நான்காவது கட்டம் நிரம்பும்வரை தாளைக் கழற்றாதீர்கள்.

கடமையைச் செய் என்று நம் சமயம் சொல்கிறது. எது கடமை என்று தெரிந்துகொள்வதும் அதில் சேர்ந்ததுதான்.