வீதி உலாவும் ஒலிக்கலையும்

பொருநை வளஞ்சுரக்கும் நெல்லைச் சீமை இசைக்கும் பெயர்பெற்றது. நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) இவ்வாற்றங்கரையைச் சார்ந்தவரே. ஆனிப் பெருவிழாவில் நெல்லையப்பர் ரத வீதிகளில் உலா வருங்கால், மங்கல இசை முன்செல்லும். நடந்துகொண்டே இசைக்கும் இத்தகைய குழுவின் ஒலியை மின்கருவிகளாற் பெருக்குதல் எளிய செயலன்று.

நாகசுரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே அமைந்தவை, இயல்பாகவே உரத்தவை. சுருதியோ மெல்லியது. முன்னாளில் ஒத்து என்னும் குழற்கருவியை ஒருவர் இடையறாது ஊதிச் சுருதி காத்தார். இந்நாளில் பல குழுக்களில் மின்னணுச் சுருதிப்பெட்டி அப்பணியைச் செய்கின்றது. தவில் முழக்கில் அது மூழ்கிவிடின், நாகசுரக் கலைஞர் பற்றுக்கோடின்றித் தவிப்பர். ஆகவே, ஒலி கலப்பவர் முதற்கண் பேணவேண்டுவது சுருதியையே, அடுத்து நாகசுரத்தை. தவிலுக்குத் தனி ஒலிவாங்கி பெரும்பாலும் வேண்டுவதில்லை. எல்லாவற்றையும் ஒருசேர உயர்த்துதல் கூச்சலே ஆகும். குன்றியதைக் கூட்டி மிக்கதைக் குறைத்தலே கலவை.

அடுத்த இடர் ஒலியின் விரைவாற் பிறப்பது. வெப்பமிக்க காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். வீதியில் 35 மீட்டர் தொலைவில் ஓர் ஒலிபெருக்கி நின்றால், அதன் ஒலி குழுவினரை அடையப் பத்தில் ஒரு நொடி ஆகும். விரைந்த தவில் நடையில் இஃது ஓர் அடியின் இடைவெளிக்கு ஒப்பாகும். தொலைவொலியைக் கேட்டு வாசிப்பவர் தாளம் பிந்துவர். அரங்கினுள் தொலைவு மாறாமையால், கருவியிற் கால இடைவெளியைக் கணக்கிட்டு அமைத்துவிடலாம். உலாவிலோ அடிக்கு அடி தொலைவு மாறும். ஆதலின் ஒலிபெருக்கியைச் சிறு வண்டியில் ஏற்றிக் குழுவுடனேயே கொண்டுசெல்லுதல் நன்று. கலைஞரும் அருகிலுள்ள தாளத்தையே செவிக்கொள்ளல் வேண்டும்.

ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியிற் புகுமாயின், சுழன்று பெருகிச் செவி துளைக்கும் ஊளையாகும். எனவே ஒலிபெருக்கி ஒலிவாங்கிகளுக்கு முன்னே, அவற்றிற்குப் புறங்காட்டி நிற்றல் வேண்டும். வீதி வளையுமிடத்தும் இம்முறை பிறழாவண்ணம் காத்தல் ஒலி கலப்பவர் கடமை.

கேட்போர் நலமும் கருதத்தக்கது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடுக்கின்றன. வீதியோரத்து இல்லங்களில் நோயாளரும் குழந்தைகளும் உறங்குவர் அன்றோ?

மின்கருவி எத்துணைச் சிறந்ததாயினும் செவிக்கு ஏவல் செய்வதே. எதனை உயர்த்துவது என்பதோடு, எதனை உயர்த்தாது விடுவது என்பதையும் அறிந்தவரே ஒலிக்கலை வல்லார்.